ஆறாவது வரியில் இருந்த முகவரி

சுவருக்கு அந்தப் பக்கம் மடிக்கணினிகளின் விசிறிகள் இரையத் தொடங்குகின்றன. முதலில் ஒன்று, யாரோ பெருமூச்சு விட்டதுபோல. பிறகு இன்னொன்று. பத்து நிமிடத்தில் பன்னிரண்டும் சேர்ந்துகொள்கின்றன. பின் தெருவில் விசைத்தறிகள் நாளெல்லாம் தடதடக்கிற ஊர் இது. இரைச்சல் எங்களுக்குப் புதிதில்லை. தறிச் சத்தத்துக்கு நடுவில் நிம்மதியாகத் தூங்குகிறவள் நான். ஆனால் இந்த மெல்லிய இரைச்சல் காதில் விழுந்தால் போதும், வயிற்றில் ஒரு சூடு கிளம்பிவிடுகிறது. அந்த அறையில் அவள் வகுப்பெடுக்கிறாள். இந்த அறையில் நான் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அட்டவணையில் கோடு போடச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

வயிற்றெரிச்சல் என்ற சொல்லை உண்டாக்கியவர் அதை அனுபவித்துவிட்டுத்தான் உண்டாக்கியிருக்க வேண்டும். இடம் அவ்வளவு சரி. நெஞ்சில் இல்லை, தலையில் இல்லை. தொப்புளுக்கு இரண்டு விரற்கடை மேலே.

போன பங்குனியில் ஆரம்பித்தது. எங்கள் கம்ப்யூட்டர் சென்டர், சங்கரன்கோவில் பஸ் நிலையத்திலிருந்து கூப்பிடு தூரத்தில், ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் இருக்கிறது. நானும் அவளும் ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். பதினேழு வருடம் ஆகிறது. அவள் பனவடலிசத்திரத்துக்காரி. வீட்டில் ஆடும் மானாவாரிக் காடும் உண்டு. விடிந்ததும் ஆட்டுப்பட்டியைப் பார்த்துவிட்டு, பஸ் பிடித்து வந்து, எனக்கு எதிர் மேசையில் உட்கார்வாள். மத்தியானம் அவள் டப்பாவில் பாதி எனக்கு, என் டப்பாவில் பாதி அவளுக்கு. இதை நாங்கள் பேசி வைத்துக்கொண்டதில்லை. இரண்டு மூடிகளும் சேர்ந்து திறக்கும், அவ்வளவுதான்.

சென்டரை நடத்துகிற அண்ணாச்சி ஒருநாள் எங்கள் இருவரையும் தன் கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டார்.

"காலேஜ் பிள்ளைய பூராவும் ஹேக்கிங் உண்டுமா, ஹேக்கிங் உண்டுமான்னு கேக்கு. நமக்கு அந்தக் களவாணிப் பேரு வேண்டாம். செக்யூரிட்டின்னு போர்டு வைப்போம். ஜூன்ல தொடங்கணும். ஒங்க ரெண்டு பேர்ல யாரு எடுக்கிய?"

"நான்" என்றோம் இருவரும், ஒரே நேரத்தில். சிரித்துவிட்டோம். என் சிரிப்பு அவளுடையதற்கு அரை நொடி முன்னால் நின்றது. எனக்கு நினைவிருக்கிறது.

"அப்பம் ஒண்ணு செய்யுங்க" என்றார் அண்ணாச்சி. "படிக்கிறவியளுக்குன்னு நெட்டுல பழகுற மெஷினு கெடக்காம்லா. ரெண்டு எறக்கித் தாரேன். ரெண்டையும் யாரு மொதல்ல ஒடச்சு ரிப்போர்ட் எழுதித் தாரியளோ, அவிய அந்தக் கிளாஸ எடுங்க. மத்தவிய வழக்கம்போல சின்னப் பிள்ளையளப் பாருங்க."

எனக்கு அந்த வகுப்பு வேண்டும். எவ்வளவு வேண்டும் என்று யாரிடமும் சொல்லவில்லை. பதினேழு வருடமாக எழுத்தைத் தடிமனாக்குவதும் பத்தியை நடுவுக்கு நகர்த்துவதும் சொல்லிக்கொடுத்து, வாயில் உப்பே இல்லாமல் போயிருந்தது எனக்கு. நாற்பத்தாறு வயதில் ஒரு கதவு திறக்கிறது. அதற்குள் இரண்டு பேர் நுழைய முடியாது.

பழகும் மெஷின் என்றால் இரும்பில் எதுவும் இல்லை. ஒரே ஒரு கோப்பு. அதைத் திறந்தால் நம் மடிக்கணினிக்குள்ளேயே இன்னொரு கணினி எழுந்து உட்கார்ந்துகொள்ளும். கற்றுக்கொள்கிறவர்கள் உடைப்பதற்கென்றே யாரோ முகம் தெரியாத ஒருவர் வேண்டுமென்று ஓட்டை வைத்துக் கட்டியது. எங்கே ஓட்டை என்று சொல்ல மாட்டார். கண்டுபிடித்து, ஒவ்வொரு கதவாகத் தாண்டி உள்ளே போனால், கடைசி அறையில் ஃப்ளாக் என்று ஒரு சிறு கோப்பு இருக்கும். அதில் ஒரு வரி. அதைப் படித்துவிட்டால் மெஷின் விழுந்துவிட்டது என்று அர்த்தம். யாருக்கும் நட்டமில்லை. உடைவதற்காகவே பிறந்த ஒன்று, உடைகிறது.

எல்லாப் பாடங்களும் ஒரே வரியில்தான் ஆரம்பித்தன. உனக்கு அனுமதி தரப்பட்ட கணினியைத் தவிர வேறெதையும் தொடாதே. அவளும் நானும் அதை ஆளுக்கொரு நோட்டில் எழுதிக்கொண்டோம். நான் அடிக்கோடும் போட்டேன்.

மத்தியானம் ஒன்றரையிலிருந்து நான்கு மணி வரை சென்டரில் பிள்ளைகள் வரமாட்டார்கள். வெயில் ஜன்னல் கம்பிகளைத் தரையில் வரைந்து, மெல்ல நகர்த்திக்கொண்டு போகும். அந்த நேரம்தான் எங்களுக்கு. ஆளுக்கொரு மடிக்கணினி, ஆளுக்கொரு பழகும் மெஷின், ஒரே வைஃபை. எதிரெதிர் மேசை.

முதல் மெஷினின் பக்கத்தைத் திறந்தால் ஒரு வாத்துப் படம். கீழே பெயரும் கடவுச்சொல்லும் கேட்கிற இரண்டு கட்டங்கள். வேறொன்றும் இல்லை. அந்த வாத்தின் முகத்தில் ஒரு நக்கல் இருந்ததாக எனக்குத் தோன்றியது. லட்சக்கணக்கான சொற்கள் கொண்ட பட்டியல் ஒன்றை எடுத்து, ஒவ்வொன்றாகப் பூட்டில் போட்டுப் பார்க்கும்படி ஏவிவிட்டேன். என் பழைய மடிக்கணினியின் விசிறி அலறத் தொடங்கியது. எனக்கு அது போர் முரசு. உலகத்துக் கடவுச்சொற்கள் எல்லாம் என் பின்னால் அணிவகுத்து நிற்பதாகவும், நான் குதிரைமேல் இருப்பதாகவும் ஒரு நினைப்பு.

அவள் அந்த வாத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். தலையைச் சாய்த்துப் பார்த்தாள். பிறகு வலது பக்கம் ஒரு சொடுக்கு. பக்கத்தை எழுதிய நிரல் அப்படியே திறந்துகொண்டது. கீழே, கீழே என்று நகர்த்திக்கொண்டு போனாள். கடைசி வரிக்கு முந்தின வரியில், கட்டியவர் தனக்குத்தானே எழுதிவைத்த குறிப்பு: இந்தக் கடவுச்சொல்லைப் பிறகு மாற்ற வேண்டும். பக்கத்திலேயே கடவுச்சொல்.

"ஏட்டி, இங்கன வாயேன். எழுதி வச்சிட்டுல்லா போயிருக்கான்" என்றாள்.

எழுந்து போய்ப் பார்த்தேன். என் மேசையில் விசிறி இன்னும் அலறிக்கொண்டிருந்தது. இப்போது அது முரசு இல்லை. அடுப்பில் எதையோ மறந்துவிட்டு வந்ததுபோல ஒரு சத்தம்.

"எப்படிட்டி அங்கன போய்ப் பாக்கணும்னு தோணிச்சு?"

"இதுல என்ன இருக்கு? வேலி கட்டுதவன் கடைசில வரும்போது அலுத்துப்போயித்தான் கட்டுவான். எங்க ஆடு அந்தக் கடைசிலதான் போய் முட்டும்."

சொல்லிவிட்டு டப்பாவை எடுத்தாள். எனக்குப் பசியில்லை என்றேன். அவள் கை கழுவப் போனபோது என் டப்பாவைத் தனியாகத் திறந்து, நின்றுகொண்டே நாலு வாய் அள்ளிப் போட்டு, மூடி வைத்துவிட்டேன். அவள் திரும்பி வந்து என் டப்பாவைப் பார்த்தாள். தன் டப்பாவை மட்டும் திறந்தாள்.

அதன் பிறகு நான் வேறொரு ஆளாகத் திரிந்தேன். அவள் கொண்டை போடும் விதம்கூட எரிச்சலாக இருந்தது. எதையும் இறுக்கிக் கட்டாமல், ஒரு ஊசியில் நிறுத்திவிடுகிற அந்தக் கொண்டை. அவள் தட்டச்சு செய்யும்போது இடையிடையே நிறுத்துகிற அந்த மௌனம். இவ்வளவு வருடம் அந்த மௌனத்தை மந்தம் என்று எடுத்துக்கொண்டிருந்தேன். அது பார்த்துக்கொண்டிருப்பது என்று இப்போதுதான் தெரிகிறது. தெரியவந்த நேரம் சரியில்லை.

இரண்டாவது மெஷின் கடினம். ஒரு படத்தை ஏற்றச் சொல்லும் பக்கம். படத்துக்குப் பதிலாக நாம் எழுதிய கோப்பு ஒன்றை ஏற்றிவிட வேண்டும். அதற்குள் ஒரு வரி இருக்கும். அந்த வரி, உடைபடும் மெஷினை நமக்கே தொலைபேச வைக்கும். நாம் இந்தப் பக்கம் காது வைத்துக் காத்திருக்க வேண்டும். அது கூப்பிட்டதும் எடுக்க வேண்டும். எடுத்துவிட்டால் உள்ளே போனதுபோல. யாரைக் கூப்பிட வேண்டும் என்று அந்த வரியில் எழுதிக்கொடுக்க வேண்டும். வைஃபையில் இருக்கிற ஒவ்வொரு கணினிக்கும் ஒரு எண்முகவரி உண்டே, அதில் நம்முடையதை.

இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. அந்த வாரம் முழுக்க நான் ஏற்றிய எதையும் அந்தப் பக்கம் ஏற்றுக்கொள்ளவில்லை. எதிர் மேசையில் அவளும் தட்டிக்கொண்டுதான் இருந்தாள். அவளுக்கும் ஓடவில்லை என்று நினைத்து, வெட்கம் கெட்ட ஒரு நிம்மதி எனக்கு.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மின்சாரம் போய் வந்தது. வைஃபை அணைந்து எழுந்ததில் எல்லாவற்றுக்கும் எண்கள் மாறிவிட்டன. என் பழகும் மெஷினுக்கு இப்போது என்ன எண் என்று கண்டுபிடிக்க, வலையில் இருக்கிற எல்லாவற்றையும் தேடும்படி கட்டளை கொடுத்தேன். பட்டியல் வந்தது. பதினெட்டில் முடிகிற ஒன்றில் கோப்புகளைப் பகிரும் கதவு திறந்து கிடந்தது. கடவுச்சொல்கூடக் கேட்கவில்லை. இதுதான் ஓட்டை, இதுதான் ஓட்டை என்று உள்ளம் குதிக்க, நுழைந்தேன்.

உள்ளே எட்டாம் வகுப்பு வினாத்தாள். ஒரு காதுகுத்துப் போட்டோ. மடியில் பேத்தியை வைத்துக்கொண்டு கூச்சத்தோடு சிரிக்கிற அவள்.

பழகும் மெஷின் இல்லை. அவள் மடிக்கணினி. போன மாதம் வினாத்தாள் எடுத்துக்கொள்ள எனக்காகத் திறந்து வைத்தவள், மூட மறந்திருக்கிறாள்.

ஒரு எண் தவறிப்போனது பிழை. அதற்கு அடுத்த நொடி நான் செய்தது பிழை இல்லை. போட்டோவுக்குக் கீழே ஒரு கோப்பு இருந்தது, இரண்டாவது மெஷினின் பெயரில். அதைத் திறந்தேன்.

வரிசையாக எண்ணிட்டு, ஒவ்வொரு படியையும் எழுதியிருந்தாள். பிள்ளைகளுக்குச் சொல்வதுபோல, நிறுத்தி நிறுத்தி. கடைசியில் இப்படி இருந்தது: முடிஞ்சுது. செவ்வாய், மூணே கால் மணி. அவகிட்ட இப்பம் சொல்ல வேண்டாம். அவளும் முடிக்கட்டும். சேந்து போயி அண்ணாச்சிட்ட சொல்லலாம்.

செவ்வாய். இன்று வெள்ளி. மூன்று மத்தியானங்கள் எனக்கு எதிரே உட்கார்ந்து, முடித்துவிட்ட ஒன்றை முடிக்காதவள்போல் தட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். தோற்பது போல் நடித்திருக்கிறாள், எனக்காக. அவள் வென்றதைக்கூட நான் தாங்கியிருப்பேன். எனக்காக அவள் காத்திருந்ததைத் தாங்க முடியவில்லை.

எழுந்துபோய் அண்ணாச்சியைக் கூப்பிட்டேன். "வாங்க அண்ணாச்சி, ரெண்டாவது மெஷின இப்பம் ஒடைக்கப் போறேன். வந்து பாருங்க."

அவர் மோர் டம்ளரோடு வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். எதிரே அவள் நிமிர்ந்து பார்த்து, முகமெல்லாம் மலர்ந்தாள். அந்த மலர்ச்சியில் பொய்யே இல்லை. அதை நான் அப்போது பார்க்க விரும்பவில்லை.

பட்டியலில் முப்பத்தொன்றில் முடிகிறதுதான் என் மெஷின் என்று கண்டுபிடித்து, அவள் எழுதியிருந்த படிகளை ஒவ்வொன்றாகச் செய்தேன். மெஷினைத் தொலைபேச வைக்கிற அந்த வரி ஆறாவதாக இருந்தது; அதை அப்படியே எடுத்து ஒட்டினேன். ஏற்றினேன். பக்கம் ஏற்றுக்கொண்டது! காது வைத்துக் காத்திருக்கும் கட்டளையைக் கொடுத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

ஒன்றும் வரவில்லை.

விசிறி இரைந்தது. அண்ணாச்சி மோரை ஒரு மிடறு குடித்தார். இன்னொரு மிடறு. "எப்பம் ஒடையும்?" என்றார், பஸ் எப்போது வரும் என்று கேட்பதுபோல.

அப்போது எதிர் மேசையில் தட்டச்சு நின்றது. அந்த மௌனம். அவள் தன் திரையைப் பார்த்தாள். தலையைச் சாய்த்துப் பார்த்தாள், அன்று வாத்தைப் பார்த்ததைப்போல. பிறகு மெதுவாக என்னைப் பார்த்தாள்.

"அண்ணாச்சி, நெட்டு இழுக்கு. இப்பந்தான கரண்டு வந்திருக்கு" என்றாள். "நீங்க போயி இருங்க. கூப்பிடுதோம்."

"நல்லா ஒடச்சிய போங்க" என்று சொல்லிக்கொண்டே அவர் தன் அறைக்குப் போனார். கண்ணாடிக் கதவு மூடியதும், அவள் மடிக்கணினியை என் பக்கமாகத் திருப்பினாள்.

கறுப்புத் திரை. அதில் ஒரு அழைப்பு வந்து நின்றுகொண்டிருந்தது. எடுத்தாகிவிட்டது. உள்ளே போகச் சொல்லிக் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. கூப்பிட்ட எண் முப்பத்தொன்றில் முடிந்தது. என் பழகும் மெஷின்.

பொழுதுபோகாமல் அவள் முடித்த மெஷினையே மறுபடி ஒருமுறை உடைக்க உட்கார்ந்து, அழைப்புக்காகக் காது வைத்திருந்திருக்கிறாள். என் மெஷின் நேரே அவளைக் கூப்பிட்டுவிட்டது. ஆறாவது வரியில் இருந்தது அவள் முகவரி.

"இது ஒன் மெஷினுதானட்டி?"

நான் என் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"ஒன் நம்பரப் போடுன்னு பக்கத்துலயே எழுதி வச்சிருந்தேனே. கரண்டு வந்ததும் புது நம்பருங்கூட மாத்தி வச்சேன். படிக்கலியா?"

படிக்கவில்லை. அவசரத்தில் வரியை மட்டும் அள்ளிக்கொண்டு வந்துவிட்டேன்.

"களவாங்குததையாவது ஒழுங்காக் களவாங்கக் கூடாதாக்கும்?" என்றாள். சிரிப்பதுபோல் ஆரம்பித்த உதடு பாதியில் நடுங்கிவிட்டது.

அந்த நடுக்கத்துக்குப் பதில் சொல்லியிருக்க வேண்டும். நான் சண்டைக்குப் போனேன். "நீ எதுக்கு மறச்ச? மூணு நாளா? எம்மேல எரக்கமா? நான் என்ன ஒன் பட்டில நொண்டி ஆடா, நின்னு கூட்டிட்டுப் போக?"

"எரக்கம் இல்லட்டி."

"பொறவு?"

"பயம்."

"என்ன பயம் ஒனக்கு?"

"மொத மெஷினு அன்னைக்கு நீ தனியா டப்பாவத் தொறந்தேல்லா? நான் கை கழுவிட்டு வந்து பாத்தேன், ஒன் டப்பா மூடில சோத்துப் பருக்க ஒட்டியிருந்துச்சு. இன்னொருக்கா நான் மொதல்ல முடிச்சா நீ எங்கூடப் பேசவே மாட்டேன்னு பயந்தேன். போதுமா?"

தறிச் சத்தம் ஜன்னல் வழியாக வந்து எங்கள் இரண்டு மேசைகளுக்கும் நடுவில் ஓடிக்கொண்டிருந்தது. அவள் திரையில் என் மெஷின் இன்னும் கண் சிமிட்டிக்கொண்டு, அவள் கட்டளைக்காகக் காத்திருந்தது. ஒரே ஒரு சொல் அடித்தால் அதன் ஃப்ளாக்கும் அவளுக்கு. அவள் அடிக்கவில்லை. இணைப்பைத் துண்டித்து, மடிக்கணினியை மூடினாள்.

எழுந்து கண்ணாடி அறைக்குப் போனேன். நல்ல மனம் வந்து போகவில்லை. இதை இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது? அவள் சொல்வதற்கு முன் நான் சொல்லிவிட வேண்டும், உண்மையைச் சொல்வதிலாவது முந்திவிட வேண்டும் என்றுதான் போனேன்.

"அண்ணாச்சி, அவ செவ்வாக்கெழமையே முடிச்சிட்டா. நான் அவ எழுதி வச்சதப் பாத்துத்தான் செஞ்சேன். கிளாஸ அவளே எடுக்கட்டும்."

"பாத்துச் செஞ்சா என்னம்மா? நானுந்தான் பக்கத்துப் பயலப் பாத்துப் பாத்து பி.காம் முடிச்சேன்."

"அவ காட்டல அண்ணாச்சி. அவ சிஸ்டத்துக்குள்ள கேக்காமப் போயி எடுத்தேன்."

அவர் சிரிப்பை நிறுத்தினார். மேசைமேல் புதிய போர்டுக்கு வரைந்து வைத்திருந்த தாள் கிடந்தது. செக்யூரிட்டி என்ற சொல்லுக்கு மட்டும் சிவப்பு மை. அதை ஒருமுறை பார்த்தார். என்னை ஒருமுறை பார்த்தார்.

"சரி. அவளே எடுக்கட்டும்" என்றார். "இத வெளிய யாருகிட்டயும் சொல்லிராத தாயி. வாற பிள்ளையளும் வராமப் போயிரும்."

மாலையில் வழக்கம்போல் அவளோடு பஸ் நிலையத்துக்கு நடந்தேன். வழக்கத்தை உடைக்க இருவருக்குமே தைரியம் இல்லை. மாலை வண்டிக்காக மல்லிகை மூட்டைகள் ஈரச் சாக்கில் வந்து இறங்கிக்கொண்டிருந்தன. அந்த வாசனைக்குள் நடந்தபோதும் எனக்கு ஒன்றுதான் ஓடியது: ஜூனில் அந்த அறை அவளுக்கு. வாசலில் பிள்ளைகள் செருப்பைக் கழற்றிவிட்டு அவளை மிஸ் என்று கூப்பிடுவார்கள். தப்புச் செய்தவள் நான். அப்படியும், அடிபட்டவள் அவ்வளவு நிதானமாக நடக்கிறாளே என்று அதற்கும் எரிந்தது. எப்படி அவளால் கோபப்படாமல் இருக்க முடிகிறது, என்னால் ஏன் வெட்கப்படக்கூட முடியவில்லை?

"எம் மனசு இருக்கேட்டி..." என்று ஏதோ சொல்ல வாயெடுத்து, வார்த்தை குழறி நிறுத்திக்கொண்டேன். அவள் கேட்காததுபோல் நடந்தாள்.

அவள் ஊர் வழியாகப் போகிற திருநெல்வேலி வண்டி நின்றது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டாள். காலி டப்பா பைக்குள் உருண்டு சத்தம் போட்டது. அன்று நாங்கள் சேர்ந்துதான் சாப்பிட்டிருந்தோம், மின்சாரம் போவதற்கு முன்பு.

"ஏட்டி" என்றாள்.

"என்ன?"

"அந்த ஃபோல்டருக்கு பாஸ்வேர்டு போட்டுட்டேன்."

"போட வேண்டியதுதான்."

நடத்துநர் விசில் ஊதினார். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நகர்ந்தது. அவள் கம்பிக்கு வெளியே முகத்தை நீட்டி, அந்த இரைச்சலுக்கு மேல் கத்தினாள்.

"வேணும்னா வாயத் தொறந்து கேளு. சொல்லுதேன்!"